பெயரேட்டில் இல்லாத மனிதர்கள்

தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. அன்றைய வேலையை முடித்தவளுக்கு ஒரு பேர். குறித்த எடைக்குக் கொழுந்து காணாதவளுக்கு அரைப் பேர். மலைக்குப் போகாதவளுக்குப் பேர் இல்லை. மாதக் கடைசியில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, ‘இந்த மாசம் எத்தனை பேர்?’ என்று விசாரிப்பது மனிதர்களின் தொகையை அன்று. உழைத்து முடித்த நாட்களின் தொகையை. செக்ரோல் எனப்படும் அந்த நீண்ட ஏட்டில் எழுதப்பட்ட நாள்தான் ஒருத்தி உயிரோடிருந்த நாள். எழுதப்படாத நாளில் அவள் என்ன ஆனாள் என்று கேட்பார் இல்லை. அப்படியாயின், பிறந்தது முதல் இன்றுவரை ஒரு நாளேனும் பேர் விழாதவர்கள், இனியும் விழப்போகாதவர்கள், இந்த மலைகளில் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறார்கள்? அவர்களைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தோம்.

சில மாதங்களுக்கு முன்பு ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே சென்று, தார்ப்பாதை முடிந்த இடத்தில் இறங்கி, கருங்கற் படிகள் பல ஏறி ஒரு லயத்தை அடைந்தோம். நம்முடன் வந்தவர் ஒரு தரும சபையின் பிரமுகர். நல்ல மனிதர், இல்லாவிட்டால் அந்த மழையில் அத்தனை படிகள் ஏறியிருக்க மாட்டார். லயத்தின் கோடியில் ஒரு காம்பரா. கதவு சாத்தி வெளியிலிருந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே பாயில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கிடந்தாள். கண்ணுக்கு வெளிச்சமும் இருளும் மட்டுமே தெரியும். கைகால்கள் விறைத்து மடங்கியிருந்தன. பேச்சு வரவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை வலிப்பு வருமென்று அயலார் சொன்னார்கள். பிரமுகர் கண்ணீர் விட்டார். விட்டுவிட்டு, “பெற்றவளே இப்படிக் கட்டிப்போட்டு விட்டுப் போகிறாளே, இவளும் ஒரு தாயா!” என்றார்.

நண்பகலில் தாய் ஓடி வந்தாள். முதுகுக் கூடையை இஸ்தோப்பில் இறக்கி வைத்தாள். அந்த ஓசை கேட்ட மாத்திரத்தில் உள்ளே கிடந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதை நாம் பார்த்தோம். பிரமுகர் பார்க்கவில்லை, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கேள்விக்குத் தாய் சொன்ன பதில் இவ்வளவுதான்: “நான் என்னங்க ஐயா செய்யிறது? மலைக்குப் போகாட்டி பேரு இல்ல. பேரு இல்லாட்டி அரிசி இல்ல. தொறந்து போட்டுட்டுப் போனா அடுப்புல போய் விழுந்துருவா.”

அந்தக் கயிற்றைக் கட்டியது யார்? தாயின் கை கட்டியது என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. கண்ணுக்குத் தெரியாத கைகளைப் பற்றிப் பேசாமல் அந்தத் தாயைப் பற்றிப் பேசுகிறவர் எவராயினும், அவர் எத்தனை கண்ணீர் வடித்தாலும், அவரோடு நமக்கு வழக்கு உண்டு.

இத்தோட்டங்கள் எவ்வாறு உண்டாயின என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். தமிழகத்துக் கிராமங்களில் கங்காணி ஆள் சேர்த்தபோது கையும் காலும் பார்த்தே சேர்த்தான். மண்டபம் முகாமில் மருத்துவர் உடம்பைப் பார்த்தே கப்பலேற்றினார். அதற்கும் முன்னர், கோப்பிக் காலத்தில், மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த கூட்டங்களில் நோயுற்று விழுந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். உழைக்கும் உடலை வடிகட்டி எடுத்து மலையில் நட்ட ஏற்பாடு இது. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் நோயைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்தின்மேல் சுமத்தியது என்று பெருமை பேசுவோர் உண்டு. நல்ல சட்டந்தான். ஆனால் அதன் கண்ணுக்கு உடம்பு என்பது மறுநாள் பிரட்டுக்கு எழும்பி வரவேண்டிய உடம்பு. எழும்பி வரவே முடியாத உடம்புக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. இடமிருக்க நியாயமும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவைக் கட்டியவன் அதில் ஒருவர் பகல் முழுவதும் படுத்திருக்கக்கூடும் என்று எண்ணிக் கட்டவில்லை; இரவில் மட்டும் உறங்கிப் போகட்டும் என்று கட்டினான்.

வெள்ளைத் துரை போனான். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. செக்ரோலின் இலக்கணம் மட்டும் மாறவில்லை.

ஊனம் ஒன்றிருந்தாலே உலகம் குறுகிவிடுகிறது; ஒன்றுக்கு மேற்பட்டவை ஓருடம்பில் சேரும்போது நடப்பதை நம்மவர் பலர் அறியார். இரண்டு சேர்ந்தால் துன்பம் இரட்டிக்கும் என்று கூட்டல் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு அவ்வாறு வருவதில்லை. காது கேளாதவனுக்குக் கண் உதவுகிறது. அவன் கையசைவைப் பார்த்துப் பேசுகிறான். கண் தெரியாதவனுக்குக் காது உதவுகிறது. அவன் குரலைக் கேட்டு ஆளை அறிகிறான். கண்ணும் காதும் சேர்ந்து போனவனுக்கு ஒன்றுக்கொன்று ஈடு செய்யும் அந்த வழியே அடைபட்டுவிடுகிறது. அவனுக்கு எஞ்சியிருப்பது தோல், தொடுகை. அதன் வழியாக ஒரு மொழியைப் புதிதாக உண்டாக்கித் தரவேண்டும். அதுபோலவே மூளைவாதத்தால் கைகால் விறைத்த குழந்தைக்கு நாவின் தசையும் வசப்படாமல் போவதுண்டு; பேச்சு வராது. பேச்சு வராததால் அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிக் கிடப்பவர்களுள் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொண்டு, பதில் சொல்ல வழியின்றிக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதுபடவே, ‘இது இருந்து என்ன, செத்து என்ன’ என்று பேசுகிறோம்.

நமது பழைய இலக்கியமும் இதில் ஒரு பாடம் தருகிறது. புறநானூற்றின் 28 ஆம் பாட்டு மனிதப் பிறப்பின் குறைபாடுகளை எட்டாக வகைப்படுத்திச் சொல்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனி வகை. எட்டில் இரண்டும் மூன்றும் ஒருவரிடமே அமைந்தால் அவர் எந்த வகை? சங்கப் புலவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஈராயிரம் ஆண்டு கழித்தும் நமது நிறுவனங்கள் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றனவே என்பதுதான் நம் வியப்பு. இரத்மலானையில் 1912 இல் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமாகப் பாடசாலை தோன்றியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956 இல் நஃபீல்ட் பாடசாலை எழுந்தது. இரண்டும் செய்த தொண்டு பெரிது. ஆயினும் நாடெங்கும் விசேட கல்வி பெரும்பாலும் இந்த ஒற்றைக் குறை வழியிலேயே வளர்ந்தது: இது பார்வையற்றோர் பகுதி, அது செவியற்றோர் பகுதி என்று. பார்வையுமின்றி, நடையுமின்றி, வலிப்பும் வருகின்ற பிள்ளையை ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் மறு வாசலைக் காட்டுகிறார்கள். வாசல் வாசலாகப் போய்க் களைத்த தாய் கடைசியில் தன் காம்பரா வாசலுக்கே திரும்பி வருகிறாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவளை வளர்த்தது அப்பாயி. அப்பாயி காலமாகி ஓராண்டு ஆகிறது. கயிறு வந்தது அதற்குப் பிறகுதான். அப்பாயி இருந்தவரை சோறூட்டுமுன் ஒரு கரண்டியை எடுத்துப் பேத்தியின் உள்ளங்கையில் வைப்பாளாம். குளிப்பாட்டுமுன் ஈரத்துணியை அவள் கன்னத்தில் ஒற்றுவாளாம். வெளியே வெயிலில் கொண்டுபோய் உட்கார்த்துமுன் முதுகில் இருமுறை தட்டுவாளாம். நாளடைவில் கரண்டி பட்டதும் பேத்தி வாயைத் திறந்தாள். வேண்டாமென்றால் தலையைத் திருப்பினாள். முதுகில் தட்டினால் முகம் மலர்ந்தது. எழுத்தறியாத அந்தக் கிழவி யாரிடமும் கற்காமல் உண்டாக்கியது ஒரு மொழி. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கென்றே இந்திய அரசு 2005 இல் ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்தது. இத்தகைய துறையில் பயிற்சி பெறும் ஆசிரியர் முதலாவதாகக் கற்கும் பாடம் இதுதான்: ஒவ்வொரு காரியத்துக்கு முன்பும் அதற்குரிய ஒரு பொருளைத் தொடவிடு, நாள்தோறும் அதே ஒழுங்கில் செய், பிள்ளை தரும் சிறிய அடையாளத்தையும் பதிலாக ஏற்றுக்கொள். அப்பாயி அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அவள் கண்டுபிடித்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. அவளோடு ஒரு மொழியின் ஒரே பேச்சாளி மாண்டாள். பேத்திக்கு அதற்குப் பின் எவரும் கரண்டியைக் கையில் வைப்பதில்லை, தாய்க்கு நேரமில்லை, மத்தியானப் பொழுதுக்குள் ஊட்டிவிட்டு ஓட வேண்டும்.

ஊட்டுவதிலும் அறிவு இருக்கிறது. மல்லாத்திப் போட்டு ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் இறங்கும்; நெஞ்சில் சளி கட்டும்; காய்ச்சல் வரும்; இத்தகைய பிள்ளைகளுட் பலர் சாவது இவ்வழியில்தான். தலையை நிமிர்த்தி, முதுகுக்கு அணை கொடுத்து, சிறு கவளமாக, விழுங்கியபின் அடுத்ததை என்று ஊட்டினால் உயிர் பிழைக்கும். வலிப்புக்கான மருந்து விலை மிகுந்ததன்று. ஆனால் ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டும். மடங்கிய கைகாலை நாள்தோறும் நீவி நீட்டாவிட்டால் மூட்டு இறுகிப் போகும். மூலையில் சாய்த்து உட்காரவைக்க ஒரு பலகை ஆசனத்தைத் தோட்டத்துத் தச்சரே செய்யலாம். இவையெல்லாம் பெரிய பட்டணத்து மருத்துவம் அல்ல. 1989 இல் உலக சுகாதார நிறுவனம் கிராமத்து மக்களுக்கென வெளியிட்ட பயிற்சி நூலில் இவை படம் போட்டு விளக்கப்பட்டிருக்கின்றன. அந்நூலை ஆக்கிய நால்வருள் ஒருவர் பத்மணி மெண்டிஸ் என்னும் இலங்கைப் பெண்மணி. நம் நாட்டு அறிவு உலகமெல்லாம் சுற்றி வந்திருக்கிறது. அந்த முந்நூறு படிகளை மட்டும் ஏறவில்லை.

“கர்ம வினை, நாம் என்ன செய்ய முடியும்?” என்று பேசுவோருக்கு இங்கேயே விடை சொல்லி விடுவோம். கருவுற்ற தாய்க்கு உரூபெல்லா என்னும் அம்மைக் காய்ச்சல் கண்டால் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரையும், காதில் செவிடும், இருதயத்தில் கோளாறும் ஒருங்கே வரலாம். முற்பிறப்புப் பாவம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததை ஓர் ஊசி தடுக்கிறது; இலங்கையில் 1996 முதல் அவ்வூசி போடப்படுகிறது. தாயின் உணவில் அயடீன் மிகக் குறைந்தால் பிள்ளைக்குச் செவியும் அறிவும் வளர்ச்சியும் ஒருசேரக் குன்றலாம். 1995 இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளியை இந்நாடு 1993 இல் கண்டது. வினை உப்பிலும் ஊசியிலும் கரைந்துபோகுமாயின் அது என்ன வினை? இன்னும் கரையாதிருப்பது வேறு. பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மஞ்சட் காமாலை முற்றிய குழந்தை: இவற்றுக்குரிய சிகிச்சை மணிக்கணக்கில் அன்று, நிமிடக் கணக்கில் கிடைத்தாக வேண்டும். லயத்திலிருந்து பாதைக்குத் தூக்கி வரவும், பாதையில் வாகனம் கிடைக்கவும் ஆகும் நேரத்தை எந்த முற்பிறப்பும் நிர்ணயிக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 17. தோட்டங்களில் ஏறக்குறைய 32. வினை தோட்டத்தெல்லையைப் பார்த்து இரட்டிப்பாகுமா என்பதைச் சோதிடர்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஹெலன் கெல்லரின் கதையை நமது பாடப்புத்தகங்கள் விரும்பிச் சொல்லும். பத்தொன்பது மாதத்தில் கண்ணும் செவியும் இழந்த சிறுமி, 1887 இல் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்து கையில் தண்ணீர் விட்டு எழுத்தைக் காட்டினாள், ஒளி பிறந்தது, சுபம். அக்கதையின் இரண்டு செய்திகளை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. முதலாவது: அந்த ஆசிரியை சம்பளம் பெற்று, வீட்டோடு தங்கி, ஒரே ஒரு பிள்ளைக்காக உழைத்தவள். அற்புதம் நிகழ்ந்தது உண்மை. அந்த அற்புதத்துக்கு ஒருவர் கூலி கொடுத்ததும் உண்மை. இரண்டாவது: அந்தப் பிள்ளை வளர்ந்து 1909 இல் அமெரிக்க சமதர்மக் கட்சியில் சேர்ந்தாள். குருட்டுத்தன்மையின் வேர்களைத் தேடிச் சென்று, அவற்றுட் பல தொழிற்சாலைகளின் கேட்டிலும் வறுமையிலும் இருப்பதைக் கண்டு எழுதினாள். அதுவரை அவளைப் போற்றிய ஒரு பத்திரிகை, அவளுடைய ‘தவறான’ அரசியலுக்கு அவளது ஊனமே காரணம் என்று எழுதிவிட்டது! ஊனமுற்றவர் நன்றி சொன்னால் அது ஞானம். நியாயம் கேட்டால் அது ஊனம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2003 இல் தேசியக் கொள்கை ஒன்று வந்தது. 2006 இல் பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் நுழைய வழி செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதி வந்தது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 இல் ஒப்பமிட்டு, 2016 இல் அதனை உறுதிப்படுத்தினோம். காகிதத்தில் நாம் ஏழைகள் அல்லர். ஆனால் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்றவரை எவ்வாறு வரையறுக்கிறது? உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறையினால், தனது வாழ்வின் தேவைகளைத் தானே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்று. இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்துப் பங்களாவைப் பார்த்தவர்களுக்கும் வரும். அங்கே தேநீர் கலக்க ஒருவர், துணி வெளுக்க ஒருவர், புல் வெட்ட ஒருவர், கார் துடைக்க ஒருவர். தன் வாழ்வின் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளாதவர் யார் என்று வரையறைப்படி தேடினால் முதற் பெயர் எங்கே விழும்? உதவி பெறாத மனிதன் உலகில் இல்லை. ஒருவர் பெறும் உதவிக்குச் சம்பளப் பட்டியலில் இடமுண்டு. மற்றவர் பெறும் உதவிக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

சொற்களை மாற்றிவிட்டோம் என்று ஆறுதலடைவோரும் உளர். அங்கவீனர் என்றோம், ஊனமுற்றோர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம், தமிழகத்தைப் பார்த்து மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். மரியாதையான சொல் வேண்டியதே, மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கதவில் கட்டிய கயிறு எந்தச் சொல்லுக்கும் அவிழவில்லை.

கயிற்றின் ஒரு முனை கம்பெனியின் கையில் இருக்கிறது, மறுமுனை அரசின் கையில். பாதையைக் கேட்டால், ‘தோட்டம் கம்பெனியுடையது, அங்கே போய்க் கேள்’ என்கிறது அரசு. பராமரிப்பைக் கேட்டால், ‘சமூக நலன் அரசினுடையது, அங்கே போய்க் கேள்’ என்கிறது கம்பெனி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்ட மக்களின் வாக்கைப் பெற்ற சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. அதனைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் இன்று பெரியவர்கள். தோளில் தூக்கிச் சுமக்க முடியாத கனம். 2017 இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய ஆதார வைத்தியசாலையை இந்தியப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். கட்டடம் அழகானது. அதன் வாசல்வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பதே கேள்வி. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு நாவலப்பிட்டி வழியே கண்டிக்கும் பேராதனைக்கும் போகவேண்டும். ஒரு நாள் போனால் தாய்க்கு ஒரு பேர் இல்லை. கூடத் தூக்கிச் செல்லும் தகப்பனுக்கும் இல்லை. பஸ்ஸில் இடம் தருவாரில்லாவிட்டால் வாடகை வண்டி. அங்கே போய்ச் சேர்ந்தால் பேச்சுப் பயிற்சி தருபவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். தமிழே தெரியாதவர் தமிழ்ப் பிள்ளைக்குப் பேச்சைப் பயிற்றும் விந்தை நம் நாட்டில் மட்டுமா என்று தெரியாது. நம் நாட்டில் உண்டு.

உதவிப் பணம் இருக்கிறதே என்பர். இருக்கிறது. வருமானம் குறைந்த ஊனமுற்றோருக்கான மாதக் கொடுப்பனவை 10,000 ரூபாவாக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். முன்பிருந்த தொகையோடு பார்த்தால் முன்னேற்றம், வரவேற்கிறோம். ஆனால் 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்கூலியோடு வைத்துப் பார்த்தால் அது ஏழரை நாட் கூலிக்கும் சற்றுக் குறைவு. மீதி நாட்களில் பிள்ளையைப் பார்ப்பது யார்? இன்னுமொன்று: 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் கூலியை உயர்த்தியதோடு, வேலைக்கு வந்தமைக்கென நாளொன்றுக்கு 200 ரூபா ஊக்கத்தொகையும் முன்வைக்கப்பட்டது. தொழிலாளர் கைக்கு வரும் ஒவ்வொரு ரூபாவையும் நாம் வாழ்த்துகிறோம். எனினும் வரவுக்குப் பரிசு கொடுக்கும் எந்த ஏற்பாடும், வரமுடியாதவளுக்கு அபராதமாகவே முடியும். பிள்ளைக்கு வலிப்பு வந்த நாளில் வீட்டில் நின்றவள் கூலியையும் இழக்கிறாள், வராத குற்றத்துக்குப் பரிசையும் இழக்கிறாள். இதை யோசித்த தொழிற்சங்கத் தலைவர் எவரேனும் உண்டா? எத்தனையோ கோரிக்கைப் பட்டியல்களை நாம் வாசித்திருக்கிறோம். கொழுந்தின் எடை, சம்பளம், வீடு, காணி எல்லாம் இருக்கும், இருக்கவும் வேண்டும். படுத்த பிள்ளையைப் பார்க்கும் தாயின் நேரம் என்றொரு வரியை நாம் கண்டதில்லை.

தரும சபையாரை விட்டுவிட மனமில்லை. பிரமுகர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். திசம்பர் 3 ஆம் நாள், சர்வதேச ஊனமுற்றோர் தினத்தில், ஹட்டன் நகரில் மேடை போட்டு, மாலை அணிவித்து, அந்தத் தாயிடம் ஒரு சக்கர நாற்காலியைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். பளபளப்பான நாற்காலி, வழவழப்பான ஆஸ்பத்திரித் தரையில் உருளுவதற்கென்று செய்தது. தலை நில்லாத பிள்ளைக்குத் தலையணையும் இல்லை, நெஞ்சுக்குப் பட்டியும் இல்லை. படிகளில் அது ஏறாது. இப்போது அது கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நிற்கிறது. மழை நாட்களில் சாக்குகளை அதன்மேல் வைக்கிறார்களாம். கொடுத்தவரின் நெஞ்சு பெரியதுதான். ஆனால் கொடுக்குமுன் பிள்ளையின் இடுப்பை அளந்தாரா? படிகளை எண்ணினாரா? தருமம் அளப்பதில்லை, உரிமைதான் அளக்கும்.

நாமும் நிரபராதிகள் அல்லோம். மலையகத்தைப் பற்றி எழுதுகிற நம் எழுத்தாளர்களின் கதைகளில் ஊமைப் பெண்ணும் நொண்டிப் பையனும் வருவார்கள். வாசகனை அழவைத்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் செத்துப் போவார்கள். அவர்கள் பசித்ததை, கோபித்ததை, கூடையின் ஓசை கேட்டுச் சிரித்ததை எழுதியவர் எத்தனை பேர்? துயரச் சுவைக்கு உப்பாக அவர்களைத் தூவிக்கொண்டிருக்கிறோம்.

“எல்லாம் சரி, ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது?” என்று நிர்வாகத்தார் கேட்பார்கள். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் இந்தக் கேள்விக்கு அயர மாட்டார்கள். கொழுந்தை நிறுக்க ஓர் ஆள், நிறுத்ததை எழுத ஓர் ஆள், எழுதியதைச் சரிபார்க்க ஓர் ஆள் இருக்கிறார்கள். தேயிலை நாற்றுமேடையைப் போய்ப் பாருங்கள். வேர் பிடிக்காத இளங்கன்றுகளுக்கு நிழற்பந்தல் கட்டி, காலையும் மாலையும் பூவாளியால் நீர் தெளித்து, வாடியதைத் தனியே பிரித்து வைத்துப் பேண ஒரு பெண் இருக்கிறாள். மாதக்கணக்கில் ஓர் இலையும் தராத கன்று அது. அதைப் பேணுகிறவளுக்கு நாள்தோறும் பேர் விழுகிறது. ஒருவரும் அதைத் தருமம் என்பதில்லை, வேலை என்கிறார்கள்.

நாம் கேட்பதும் அதுவே. இரண்டு மூன்று லயங்களுக்கு ஒருத்தி என, தோட்டத்துப் பெண்களிலிருந்தே பராமரிப்பாளர்களைத் தேர்ந்து, ஊட்டவும் உட்கார்த்தவும் நீவவும் தொடுகையால் பேசவும் பயிற்றி, மற்றத் தொழிலாளிக்குரிய அதே கூலியில் செக்ரோலில் அவளுக்குப் பேர் போடவேண்டும். பெற்ற தாயே அந்தப் பணியை ஏற்க விரும்பினால் அவளுக்கே போடவேண்டும். பிள்ளைக்காம்பரா இருக்கிறது, அது ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். வளர்ந்தும் பராமரிப்புத் தேவைப்படுவோருக்கு அதன் பக்கத்தில் ஓர் அறை திறப்பது மலையைப் பெயர்ப்பதன்று. ஐந்து முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி என்று 1997 இல் விதித்து, 2016 இல் அதைப் பதினாறாக உயர்த்திய அரசு, ‘கட்டாயம்’ என்ற சொல் தன்னையும் கட்டும் என்பதை உணர்ந்து, வரமுடியாத பிள்ளையிடம் ஆசிரியரை அனுப்ப வேண்டும். தமிழறிந்த பேச்சுப் பயிற்சியாளரும் உடற்பயிற்சி வைத்தியரும் மாதத்தில் குறித்த நாட்களில் தோட்டத்துக்கு வரட்டும். அவர்களுக்கு வாகனம் உண்டு, இவளுக்கு இல்லை. சட்டத்தின் தடை நீங்கிவிட்ட பிரதேச சபைகள், லயத்திலிருந்து பாதைவரை படியில்லாத ஒரு சரிவு வழியை முதற் செலவாகப் போடட்டும். ஏழு பேர்ச் காணியில் புதிய வீடு கட்டுகிறவர்கள் கதவின் அகலத்தையும் மலசலகூடத்தின் வாசலையும் கட்டுமுன்னரே கேட்டறியட்டும்.

இவற்றுள் எது முதலில் என்று கேட்டால் தயங்காமல் சொல்வோம்: பேர். மற்றவற்றுக்குக் கல்லும் சீமெந்தும் வேண்டும், பயிற்சிக்குக் காலம் வேண்டும். இதற்கு வேண்டியது செக்ரோலில் ஒரு வரி. சம்பளப் பேச்சுக்கு அடுத்த முறை மேசை போடும்போது தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளில் அந்த வரி எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைச் சங்கக் கூட்டங்களில் எழுப்ப வேண்டியவர்கள் இவ்வேட்டைப் படிக்கும் தோட்டத்து ஆசிரியர்களும், உத்தியோகத்தர்களும், இளைஞர்களுமே. தத்தம் தோட்டத்தில் இவ்வாறு எத்தனை கதவுகள் கட்டிக் கிடக்கின்றன என்பதை முதலில் எண்ணி எடுத்து வாருங்கள். எண்ணும்போது, அங்கே கரண்டியைக் கையில் வைக்கும் அப்பாயிமார் யாரேனும் இன்னும் உயிரோடிருந்தால், அவர்கள் செய்வதைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.